கதவு பழையது, முகம் புதியது: கட்டிய முன்பணத்தைத் திரும்பக் கேட்கலாமா?

வாசகர் எழுதிய கடிதம் நீளமானது. அவருடைய பெயரையும் காரின் பெயரையும் விட்டுவிட்டு அதன் சாரத்தை மட்டும் தருகிறேன்.

ஒரு குறிப்பிட்ட மாடல் காரை அவர் பல ஆண்டுகளாக ஓட்டிவருகிறார். அதே பெயரில் "முற்றிலும் புதிய" கார் வந்திருப்பதாக விளம்பரம் கண்டு முன்பணம் கட்டிவிட்டார். பிறகு ஷோரூமுக்கு அவருடன் போன உறவினர் ஒருவர், டிங்கர் வேலையில் கைதேர்ந்தவர், கதவைத் திறந்து மூடிப் பார்த்துவிட்டு, "கதவு, கூரை, முன்கண்ணாடி மூன்றும் உன் பழைய காரில் இருப்பதுதான், முன்னும் பின்னும் மட்டும் மாற்றியிருக்கிறார்கள்" என்று சொல்லியிருக்கிறார். வாசகர் வீட்டுக்கு வந்து தம் பழைய காரின் முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் உள்ள இடைவெளியை டேப் வைத்து அளந்திருக்கிறார். புதிய காரின் விவரக் கையேட்டில் அச்சிட்டிருந்த அளவும் அதுவும் ஒன்றாகவே இருந்திருக்கின்றன. "புது மொந்தையில் பழைய கள்ளை ஊற்றி விற்கிறார்கள், நொடித்துப்போகும் நிறுவனங்களே இப்படிச் செய்யும், நானும் ஏமாந்துவிட்டேன்" என்று மனம் நொந்து எழுதியிருக்கிறார்.

அவர் கேட்பவை மூன்று. இது மோசடியா, முன்பணத்தைத் திரும்பப் பெறலாமா? பழைய பாடி என்றால் விபத்தில் பாதுகாப்பு குறைவா, அல்லது அவருடைய தம்பி சொல்வதுபோல் "அந்தக் காலத்து இரும்புதான் கெட்டி" என்பது சரியா? புதிய காரின் முன்பக்கப் பாகங்களை மட்டும் வாங்கித் தம் பழைய காரிலேயே மாட்டிக்கொண்டால் என்ன?

அன்புள்ள வாசகருக்கு,

உங்கள் உறவினரின் கண் தேர்ந்த கண். அவர் சொன்னது பெரும்பாலும் சரியாகவே இருக்கும். ஆனால் அதிலிருந்து நீங்கள் எட்டிய முடிவுகளில் சிலவற்றை நான் ஏற்கவில்லை. கார் பாடிகளின் கட்டமைப்பில் வேலை செய்தவன் என்ற முறையில், கதவையும் கூரையையும் நிறுவனங்கள் ஏன் மாற்றாமல் விடுகின்றன என்பதை முதலில் விளக்குகிறேன். அது விளங்கினால் உங்கள் கேள்விகளில் பாதிக்கு விடை கிடைத்துவிடும்.

மூக்கை மாற்றுவது எளிது, கதவை மாற்றுவது ஏன் கடினம்?

ஒரு கதவின் வெளித்தகடு ஒரே அடியில் உருவாவதில்லை. தட்டையான எஃகுத் தகடு வரிசையாகப் பல பிரஸ்களைக் கடந்து, ஒன்றில் வளைந்து, அடுத்ததில் ஓரம் வெட்டுப்பட்டு, இன்னொன்றில் மடிந்து, துளையிடப்பட்டு வெளியே வருகிறது. ஒவ்வோர் அடிக்கும் தனித்தனி அச்சு வேண்டும். ஒவ்வோர் அச்சும் பல டன் எடையுள்ளது. செய்து முடிக்க மாதக்கணக்கில் ஆகும். கதவை மாற்றினால் அதைத் தாங்கும் தூண், மழைநீரைத் தடுக்கும் ரப்பர் பீடிங், உள்ளே ஏறி இறங்கும் கண்ணாடி, பூட்டு என்று எல்லாவற்றையும் மாற்றவேண்டும். முன்கண்ணாடியின் சாய்வை மாற்றினாலோ, அதற்குக் கீழே உள்ள வைப்பர், காற்றுப்பெட்டி, டேஷ்போர்டு வரை வேலை நீளும். கூரையும் அப்படித்தான், அது பக்கச் சட்டத்தோடு வெல்டிங் ஆகியிருக்கிறது.

முன்பக்க ஃபெண்டரும் (முன்சக்கரத்தின் மேலே உள்ள பக்கத்தகடு) பானட்டும் வேறு வகை. பெரும்பாலான கார்களில் இவை போல்ட்டில் நிற்பவை. பம்பர் உறை பிளாஸ்டிக், விளக்கும் கிரில்லும் திருகில் மாட்டுபவை. காரை எதிரே பார்ப்பவரின் கண்ணில் முதலில் படுவதும் இவைதான். குறைந்த செலவில் நிறையப் புதுமை தெரிய எந்த இடத்தில் கை வைக்க வேண்டும் என்று இந்தக் கணக்கே சொல்லிவிடுகிறது.

இதைச் சோம்பேறித்தனம் என்று எண்ணிவிடாதீர்கள். வெற்றுத்தாளில் புதிய காரை வரைவதைவிட, ஏற்கெனவே இருக்கும் கதவுகளுக்கு ஒரு புதிய முகத்தை வரைவது கடினம் என்பது என் கருத்து. கதவின் மேல் ஓடும் மடிப்புக்கோடு பழைய இடத்திலேயே நிற்கும். புதிய ஃபெண்டரில் தொடங்கும் கோடு எப்படி வளைந்து வந்தாலும் கடைசியில் அந்த இடத்தில் அதோடு சேர்ந்தாக வேண்டும். ஷோரூமில் அந்தக் காரின் பக்கவாட்டில் குனிந்து, ஹெட்லைட்டிலிருந்து புறப்படும் கோட்டைக் கண்ணால் பின்தொடருங்கள். முன்கதவை நெருங்கும்போது அது சற்றுத் திரும்பிப் பழைய கோட்டோடு இணைவதைக் காண்பீர்கள். முகம் மாற்றிய கார் என்பதற்கு அதைவிடத் தெளிவான அடையாளம் இல்லை.

இது ஏமாற்று வேலையா?

நொடித்துப்போகும் நிறுவனங்களே இப்படிச் செய்யும் என்று எழுதியிருக்கிறீர்கள். வரலாறு அப்படிச் சொல்லவில்லை. ஆண்டுதோறும் தோற்றத்தை மாற்றி விற்கும் வழக்கத்தை நிலைநாட்டியது, ஆல்பிரட் ஸ்லோன் தலைமையில் செழித்திருந்த ஜெனரல் மோட்டார்ஸ். 1927-இல் ஹார்லி ஏர்ல் பொறுப்பில் அங்கே தோற்றத்துக்கென்றே ஒரு தனிப்பிரிவு தொடங்கப்பட்டது. போருக்காக அமெரிக்காவில் 1942 பிப்ரவரியில் பொதுமக்களுக்கான கார் உற்பத்தி நின்றது. போர் முடிந்து 1946-இல் "புதிய" கார்கள் என்று வந்தவற்றில் மிகப் பெரும்பாலானவை கிரில் மாறிய 1942 கார்களே. கார் கிடைத்தால் போதும் என்றிருந்த மக்கள் அவற்றை வரிசையில் நின்று வாங்கினார்கள்.

பணமுடையில் செய்தவர்களும் உண்டு. அவர்களில் ஸ்டூடிபேக்கரின் கதை எனக்குப் பிடித்தமானது. 1953-இல் வடிவமைத்த செடானின் நடுப்பகுதியை அப்படியே வைத்துக்கொண்டு, முன்னும் பின்னும் நீண்டிருந்த பகுதிகளைக் குறைத்து, 1959-ஆம் ஆண்டு மாடலாக லார்க் என்ற சிறிய காரை வெளியிட்டார்கள். அது நன்றாக விற்று, நிறுவனத்துக்குச் சில ஆண்டுகள் மூச்சுவிட இடம் கொடுத்தது. அதே 1953 குடும்பத்தைச் சேர்ந்த கூப்பேயை (இரண்டு கதவுக் கார்) வடிவமைப்பாளர் புரூக்ஸ் ஸ்டீவன்ஸ் மிகக் குறைந்த செலவில் மாற்றி, 1962-இல் கிரான் டூரிஸ்மோ ஹாக் ஆக்கினார். வால்சிறகுகளை எடுத்துவிட்டுக் கூரைக்குச் சதுரமான வடிவம் கொடுத்தார். டிக்கி மூடிக்குப் புதிய அச்சு செய்யப் பணமில்லை. அதனால் பழைய மூடியில் இருந்த வரிப்பள்ளங்களை மறைக்க, கிரில் போன்ற ஓர் அலங்காரத் தகட்டை மேலே பொருத்திவிட்டார்கள். 1964 மாடலில் வழவழப்பான புதிய மூடி வந்தபோது அந்தத் தகடு காணாமல் போயிற்று.

அமெரிக்கன் மோட்டார்ஸ் இன்னும் துணிந்தது. 1950-இல் அறிமுகமாகி 1955-உடன் நிறுத்தப்பட்ட நாஷ் ராம்ப்ளரின் அச்சுகளைத் திரும்ப எடுத்து, கிரில்லையும் பின்சக்கர வளைவையும் மாற்றி, 1958-இல் ராம்ப்ளர் அமெரிக்கன் என்று விற்றது. கையில் காசு குறைந்த காலத்தில் மக்கள் அந்தச் சிறிய காரை விரும்பி வாங்கினார்கள். 1961-இல் அதே அடிக்கட்டமைப்புக்கு வெளித்தகடுகள் மட்டும் புதிதாயின. ஐரோப்பாவில் டிரையம்ஃப் டிஆர்6 காரின் கதவுகளும் முன்கண்ணாடியும் 1961-இன் டிஆர்4 காலத்தவை. ஜெர்மனியின் கார்மன் நிறுவனம் முன்பகுதியையும் பின்பகுதியையும் மட்டும் புதிதாக வரைந்து கொடுத்தது. பழைய நடுப்பகுதியை யாரும் கண்டுகொள்ளாத அளவுக்கு அது நேர்த்தியாக அமைந்துவிட்டது. 1998-இன் பியூஜோ 206-க்கு 207-இன் சாயலில் முகம் வைத்து 2009-இல் 206+ என்று விற்றதும் இதே வழிதான். 1966-இன் ஃபியட் 124-இலிருந்து வந்த சோவியத் லாடா, சதுர விளக்கும் பளபளக்கும் கிரில்லும் மாட்டிக்கொண்டு 2107 என்ற பெயரில் 2012 வரை தயாரானது. மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசையின் பாடியோடு அம்பாசடர் 2014 வரை வந்ததை நீங்களே அறிவீர்கள்.

ஆகவே பழைய பாடிக்குப் புது முகம் வைத்ததை மட்டும் காட்டி, மோசடி என்று வாதாடினால் எடுபடாது. வணிகத்தில் புதிய கார் என்றால் முன்பு யாரும் பயன்படுத்தாத, பதிவு செய்யாத கார் என்றே பொதுவாகக் கொள்ளப்படுகிறது. "புதுப் பொலிவு", "புதிய தலைமுறைத் தோற்றம்" போன்றவை விற்பனைப் பேச்சு. நுகர்வோர் சட்டத்தில் அவற்றைப் பிடித்துக்கொண்டு வெல்வது பொதுவாகக் கடினம். சரிபார்க்கக்கூடிய உண்மையாகச் சொல்லப்பட்ட கூற்று வேறு. "புதிய பிளாட்ஃபார்ம்" (அதாவது காரின் அடிக்கட்டமைப்பு), "பாடிக் கட்டமைப்பு முழுவதும் புதிது" என்று கையேட்டிலோ, விற்பனையாளர் அனுப்பிய செய்தியிலோ எழுத்தில் இருந்து, அது பொய்யென்று தெரியவந்தால் உங்கள் கை ஓங்கும். உங்கள் விளம்பரத்தில் இருந்த "முற்றிலும்" என்ற சொல் எதைக் குறித்து வந்தது என்பதை நிதானமாகப் படியுங்கள். அது தோற்றத்தைச் சொல்கிறதா, கட்டமைப்பைச் சொல்கிறதா என்பதில்தான் வழக்கே நிற்கும். விளம்பரத்தையும் கையேட்டையும் செய்திகளையும் இன்றே பத்திரப்படுத்துங்கள்.

முன்பணத்தைப் பொறுத்தவரை நீங்கள் எண்ணுவதைவிட நல்ல நிலையில் இருக்கிறீர்கள். விற்பனை ரசீதும் (இன்வாய்ஸ்) வண்டிப் பதிவும் ஆகாத நிலையில் ரத்து செய்வது பெரும்பாலும் முன்பதிவுப் படிவத்தின் நிபந்தனைகளைப் பொறுத்தது. சிறிது பிடித்தம் இருக்கலாம். மோசடி என்று குற்றம்சாட்டி எழுதத் தேவையே இல்லை. அந்தச் சொல்லை எழுதினால், எளிதில் திரும்ப வரக்கூடிய பணம் தகராறில் மாட்டிக்கொள்ளும். நிபந்தனையைச் சுட்டி ரத்து கோருங்கள். மறுத்தால் மட்டும் உங்கள் பகுதியின் நுகர்வோர் சட்டம் அறிந்த வழக்கறிஞரைப் பாருங்கள். பதிவு முடிந்து சாவி கைக்கு வந்த பிறகு இதே கோரிக்கை மிகக் கடினமாகிவிடும்.

பழைய பாடி வலுவற்றதா?

இந்தக் கேள்வியில் நீங்களும் உங்கள் தம்பியும் எதிரெதிர்த் திசையில் தவறுகிறீர்கள்.

முதலில் தம்பிக்கு. தகடு தடிமனாக இருப்பதும், மூடும்போது கதவு கனமான சத்தம் எழுப்புவதும் விபத்துப் பாதுகாப்புக்குச் சான்றல்ல. மோதலின் விசையை முன்பகுதி மடங்கி உள்வாங்கவேண்டும். ஆட்கள் இருக்கும் கூடு மடங்காமல் நிற்கவேண்டும். முன்பகுதி மடங்காத கெட்டி இரும்பாக இருந்தால், அந்த விசை உள்ளே இருப்பவரின் உடம்புக்குப் போகிறது.

இனி உங்களுக்கு. வெளித்தோற்றம் மாறாமலே உள்ளே நிறைய மாறியிருக்கலாம். அதே வடிவத்தில் உயர்வலு எஃகு வந்திருக்கலாம், ஸ்பாட் வெல்டிங் புள்ளிகள் கூடியிருக்கலாம், தூணுக்குள் ஒரு வலுவூட்டும் தகடு சேர்ந்திருக்கலாம். 1974-இல் வந்த வோல்வோ 240-ஐப் பாருங்கள். அதன் நடுப்பகுதியும் கதவுகளும் 1966-இன் 140-உடையவை. முன்பகுதியை மட்டும், 1972-இல் காட்டிய சோதனைப் பாதுகாப்புக் காரில் கற்றுக்கொண்டதை வைத்து மோதலைத் தாங்குமாறு நீட்டி அமைத்தார்கள். பாதுகாப்புக்குப் பெயர்பெற்ற அந்தக் கார் 1993 வரை தயாரானது.

ஆனால் புது முகம் வந்ததால் பாதுகாப்பும் கூடியிருக்கும் என்று நம்புவதுதான் எல்லாவற்றிலும் ஆபத்தானது. ரெனோ ஸோயி, கார்களை மோதவிட்டுச் சோதித்து நட்சத்திரம் வழங்கும் ஐரோப்பிய அமைப்பான யூரோ என்கேப்பின் சோதனையில் 2013-இல் ஐந்து நட்சத்திரம் பெற்ற கார். பின்னர் முகமும் உட்புறமும் புதுப்பிக்கப்பட்டு வந்த பதிப்பை 2021-இல் சோதித்தபோது ஒரு நட்சத்திரம்கூடக் கிடைக்கவில்லை. அதற்குள் சோதனை விதிகள் கடுமையாகியிருந்தன என்பது ஒரு காரணம். முன்பு தலையையும் மார்பையும் காத்த பக்கவாட்டு ஏர்பேக்கை எடுத்துவிட்டு, மார்பை மட்டும் காக்கும் ஒன்றை வைத்திருந்தார்கள் என்பது இன்னொன்று. கண்ணுக்குப் புதிதாகத் தெரிந்த கார் பாதுகாப்பில் ஒரு படி இறங்கியிருந்தது. ஃபியட் புன்டோ கதையில் இறக்கம் இல்லை, தேக்கம் மட்டுமே: 2005-இல் ஐந்து நட்சத்திரம் பெற்றது, அதே அடிப்படையோடு விற்பனையில் தொடர்ந்து, 2017-இல் மறுபடி சோதித்தபோது சுழியத்துக்கு வந்தது.

இன்னொரு நுணுக்கமும் உண்டு. முகப்பின் அகலத்தில் கால்பங்கு மட்டும் தடுப்பில் மோதும் சோதனையை அமெரிக்கக் காப்பீட்டாளர்களின் ஆய்வு நிறுவனமான ஐ.ஐ.எச்.எஸ். 2012-இல் கொண்டுவந்தது. சோதனை ஓட்டுநர் பக்கத்தில் நடந்தது. அதில் தேறுவதற்காகச் சில நிறுவனங்கள் ஓட்டுநர் பக்கத்தை மட்டும் வலுவாக்கின. பயணி பக்கத்தில் அதே பாதுகாப்பு இல்லை என்று அந்த நிறுவனமே 2016-இல் சோதித்து வெளியிட்டது. உங்கள் மனைவி எந்த இருக்கையில் அமர்கிறார் என்பதையும் சேர்த்துத்தான் இந்த அறிக்கைகளைப் படிக்கவேண்டும்.

எழுத்தில் கேட்க வேண்டியவை

விற்பனையாளரிடம் வாய்ப்பேச்சாகக் கேட்டால் "எல்லாமே புதிது சார்" என்ற பதில்தான் வரும். மின்னஞ்சலில் கேளுங்கள், அதன் பிரதி நிறுவனத்தின் வாடிக்கையாளர் பிரிவுக்கும் போகட்டும்.

– விபத்துச் சோதனை எந்த ஆண்டில் நடந்தது? முகம் மாறிய பதிப்பிலா, அதற்கு முந்தியதிலா? நட்சத்திர எண்ணிக்கையைவிட இந்தத் தேதிக்கே நான் அதிக மதிப்புக் கொடுப்பேன்.

– நீங்கள் வாங்கப்போகும் அதே ரகத்தில் எத்தனை ஏர்பேக், எந்தெந்த இடத்தில்? பழைய பதிப்பிலிருந்து எதுவும் நீக்கப்பட்டிருக்கிறதா?

– பிரேக், ஸ்டீயரிங், வயரிங், கட்டுப்பாட்டுக் கணினி ஆகியவற்றில் எவை மாறின?

– பழைய பதிப்பும் புதியதும் ஒரே கதவு, ஒரே முன்கண்ணாடி எண்ணைப் பாகப்பட்டியலில் பகிர்கின்றனவா? இதற்கு உங்கள் உறவினரே பாகக்கடையில் பதில் வாங்கித் தந்துவிடுவார்.

கடைசிக் கேள்விக்கு "ஆம்" என்று வந்தால் வருந்த வேண்டாம். அதில் உங்களுக்கு லாபமும் உண்டு. பல ஆண்டுகள் ஓடிய பாடியில் தண்ணீர் எங்கே கசியும், எந்த இடத்தில் துரு ஏறும், எது கடகடக்கும் என்பதெல்லாம் தெரிந்து திருத்தப்பட்டிருக்கும். பாகம் எளிதில் கிடைக்கும், வேலை தெரிந்த கைகளும் நிறைய இருக்கும். நட்டம் மறுவிற்பனையில் வரும். உண்மையாகவே புதிய தலைமுறை வெளியாகும் நாளில் இந்தக் காரின் மதிப்பு சட்டென்று இறங்கும். பாடி எவ்வளவு பழையதோ அந்த நாள் அவ்வளவு அருகில் இருக்கிறது. பத்தாண்டு வைத்து ஓட்டுபவருக்கு இது பெரிதல்ல. மூன்றாண்டில் மாற்றுபவர் இந்தக் காரை வாங்காதிருப்பதே நல்லது. நீங்கள் எந்த வகை என்பதை உங்கள் பழைய காரே சொல்கிறது. முந்தைய முகத்தோடு இருப்பில் கிடக்கும் கார் கணிசமான தள்ளுபடியில் கிடைத்தால், மேலே உள்ள பதில்களில் வேறுபாடு இல்லாத பட்சத்தில், அதையும் விலை கேட்டுப் பாருங்கள்.

பழைய காருக்குப் புதிய முகம்

இந்த யோசனையைக் கைவிடும்படி கேட்டுக்கொள்கிறேன். கதவு ஒன்றாக இருப்பதால் ஃபெண்டரும் பானட்டும் போல்ட்டில் உட்கார்ந்துவிடக்கூடும் என்பது உண்மைதான். ஆனால் விளக்கு மாறினால் அதன் தாங்கியும் வயரிங் இணைப்பும் மாறும். பம்பர் மாறினால் அதன் பின்னே விசையை உள்வாங்கும் குறுக்குச்சட்டம் மாறும். ரேடியேட்டர் தாங்கிச் சட்டமும் வேறாக இருக்கலாம். அந்தப் பகுதியில்தான் ஏர்பேக்கை விரியச் செய்யும் மோதல் உணரிகள் இருக்கின்றன. அவை எந்த விசைக்கு எப்போது ஆணையிட வேண்டும் என்பது உங்கள் காரின் பழைய முன்பகுதி மடங்கும் விதத்தை வைத்துத் தீர்மானிக்கப்பட்டது. முன்பகுதியை மாற்றிவிட்டு உணரியை விட்டுவைத்தால், ஏர்பேக் தாமதமாக விரியலாம், வேண்டாத நேரத்திலும் விரியலாம். இத்தகைய மாற்றங்களைப் பதிவு அதிகாரிகளிடமும் காப்பீட்டு நிறுவனத்திடமும் முன்கூட்டியே தெரிவிக்காவிட்டால், விபத்துக்குப் பின் இழப்பீடு மறுக்கப்படும் வாய்ப்பும் உண்டு. பல்பு மாற்றுவதோடும் பெயிண்ட் அடிப்பதோடும் நிறுத்திக்கொள்ளுங்கள்.

உங்கள் உறவினருக்கு இதைவிடப் பயனுள்ள வேலை ஒன்று இருக்கிறது. பழைய காரை லிஃப்டில் ஏற்றி, கதவுக்குக் கீழே நீளவாக்கில் ஓடும் அடிச்சட்டத்தையும், முன் சஸ்பென்ஷன் பாடியோடு சேரும் இடங்களையும் துரு இருக்கிறதா என்று தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். அவை கெட்டியாக இருந்து, விற்பனையாளரின் பதில்களில் ஏர்பேக்கிலோ பிரேக்கிலோ பெரிய முன்னேற்றம் எதுவும் தெரியாவிட்டால், முன்பணத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டு இப்போதைய காரையே ஓட்டுங்கள். அடிச்சட்டத்தில் துரு தின்றிருந்தால் முன்பதிவை வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் காரை மாற்றுவதை மேலும் தள்ளிப்போட வேண்டாம்.